உயிர்வடி

கீழ் அலமாரியின் கதவைத் திறந்து காட்டியபோது நிரஞ்சனாவுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மேலே இருக்கும் கண்ணாடித் தொட்டியைத்தான் பார்ப்பார்கள். ஊதா நிறக் கிளைப்பவளங்களையும் அவற்றுக்கு நடுவே புகுந்து புறப்படும் கோமாளி மீன்களையும் பார்த்து, "கடலையே கொண்டாந்து வச்சுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். டாக்டர் ஷம்சாத் மட்டும்தான், "கோயமுத்தூர்ல உட்கார்ந்துக்கிட்டு உப்புத் தண்ணியை எப்படி இவ்வளவு சுத்தமா வச்சிருக்கே?" என்று கேட்டார்.

நிரஞ்சனா கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பொறியாளர். தண்ணீர் ஓட்டத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், அவளை நிறுத்துவது கஷ்டம்.

"மேல இருக்கற தண்ணி இந்த ஓரமா வழிஞ்சு, குழாய் வழியா கீழ வருதுங்க்கா. முதல் அறையில துணிப்பை. மீன் எச்சம், மிச்சத் தீனி எல்லாம் அதுல நின்னுடும். மூணாவது அறையில பம்ப். அது தண்ணிய மறுபடி மேல தள்ளிடும். நடுவுல இருக்கு பாருங்க, அதுதான் விஷயமே. கண்ணுக்குத் தெரியாத கழிவையெல்லாம் அதுதான் பிரிச்செடுக்குது. உயிர்வடின்னு பேரு. ஏதோ கடற்பஞ்சு இனமாம். இது வந்தப்புறம் நான் தண்ணி மாத்தறதையே விட்டுட்டேன்."

ஷம்சாத் குனிந்தார். கண்ணாடி போன்ற ஓர் உருளைக்குள் உள்ளங்கை அகலத்தில் கருஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. உருளையோடு இணைந்த சின்ன பம்ப் விட்டுவிட்டு ஓடியது. ஒவ்வொரு உந்துதலுக்கும் அந்தச் சிவப்பு லேசாக உப்பி, அடங்கியது.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கைபேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கொப்புளமெல்லாம் எப்ப வந்துச்சு?"

சிவப்பின் விளிம்பில் திராட்சை அளவில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் இருந்தன. "ரெண்டு மாசம் இருக்கும். கம்பெனிக்குச் சொல்லணும்னு நினைச்சுட்டே இருக்கேன்."

"பம்ப் ஏன் இப்படித் துடிக்குது?"

"அப்படித்தான் வைக்கச் சொன்னாங்க. நிமிஷத்துக்கு எழுபது தடவை. எனக்கும் புரியலைங்க்கா. பஞ்சுக்கு எதுக்கு இந்தத் துடிப்பு? ஒரே சீரா ஓட விட்டுப் பார்த்தேன், ரெண்டே நாள்ல வெளுத்துப்போச்சு. திரும்ப எழுபதுல வச்சதும் நல்லாயிடுச்சு."

ஷம்சாத் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"நிரஞ்சனா, இது பஞ்சு இல்ல. இதைத்தான் நான் இத்தனை வருஷமா பார்த்துட்டு இருக்கேன். இது கிட்னி."

"மீனோட கிட்னியா?"

"மீனுக்கு இப்படி இருக்காதும்மா. மனுஷனோடது."

ஷம்சாத் சிறுநீரக மருத்துவர். அவருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழக்கம் ஏற்பட்டதே நிரஞ்சனாவின் கணவர் தாமோதரனால்தான். தாமோதரனுக்கு அவருடைய அம்மா வழியில் வந்த நோய் அது. சிறுநீரகத்தில் நீர்க்கொப்புளங்கள் தோன்றி, பெருகி, நல்ல சதையை எல்லாம் நசுக்கிவிடும். ஒரு கட்டத்தில் இரண்டு சிறுநீரகங்களும் மூச்சுவிட இடமில்லாத அளவுக்கு வீங்கி, சீழ் வைத்து, அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். டயாலிசிஸ் மட்டும் துணையாக இருந்த அந்த வருஷங்களில்தான் வீட்டில் இந்தத் தொட்டி வந்தது. வெளியூர் போக முடியாத மனுஷன், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தபோதே இறந்துபோனார். இரண்டு வருஷம் ஆகிறது.

அவர் போனபின் நிரஞ்சனா தொட்டியைத் தொடவில்லை. பாசி படர்ந்தது, பவளங்கள் வெளுத்தன. அப்போது பவளத்தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர், 'அலையகம்' என்ற சென்னைக் கம்பெனி புதிதாகப் போட்டிருக்கும் உயிர்வடியை வாங்கி வைக்கச் சொன்னார். வைத்தாள். மூன்றே வாரத்தில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆயிற்று. பவளங்கள் வாய் திறந்தன. அவளுக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது.

ஷம்சாத் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கொப்புளத்தின் ஓரத்தில் நகத்துணுக்கு அளவு வெட்டி, ஒரு சின்னப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "மிருதுளாகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாதே" என்றார்.

மிருதுளா நிரஞ்சனாவின் ஒரே மகள். பத்தொன்பது வயது. அப்பாவின் நோய் அவளுக்கும் வந்திருக்கிறது. போன வருஷம் எடுத்த ஸ்கேனில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் தெரிந்தன. இப்போதைக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மேற்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை என்பதை ஷம்சாத் அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் ஷம்சாத் போனில் கூப்பிடாமல் நேரே வந்தார். கதவைத் திறந்தது மிருதுளா. அவளைப் பார்த்ததும் டாக்டர் தயங்கி நின்ற விதத்திலேயே அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"சொல்லுங்க ஆன்ட்டி. என்னோட ரிப்போர்ட்டா?"

"இல்லடா." ஷம்சாத் உள்ளே வந்து உட்கார்ந்தார். நிரஞ்சனா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மனுஷக் கிட்னிதான், நிரஞ்சனா. உப்பு தாங்கறதுக்காகச் சுறாமீனோட மரபணு ஒண்ணைச் சேர்த்திருக்காங்க. ஆனா அந்தக் கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேக்கல. கொப்புளத்துக்குக் காரணமான மரபணுப் பிழை எதுன்னு பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது ஒரு இடத்துல இருக்கும். இது எங்கே இருக்குன்னு பார்த்தப்ப, எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச இடத்துல இருந்துச்சு. அப்புறம் மத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்." அவர் நிரஞ்சனாவைப் பார்த்தார். "தாமோதரன்."

நிரஞ்சனாவுக்கு வார்த்தை காதில் விழுந்தது. பொருள் வரவில்லை. "அவருக்கென்ன?" என்று கேட்டாள்.

"அது அவரோடதும்மா. அவருக்கு எடுத்த கிட்னி. ஆஸ்பத்திரியிலிருந்து எரிக்கறதுக்குன்னு போன கழிவு எங்கேயோ கை மாறியிருக்கு. யாரோ அதுலேர்ந்து செல் எடுத்து வளர்த்திருக்காங்க."

மிருதுளா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பம்ப் துடித்தது, சிவப்பு உப்பி, அடங்கியது.

"அப்பாவா?"

ஷம்சாத் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, எல்லா உயிர்வடியும் இதே செல்லுதானா?"

"அப்படித்தான் இருக்கணும். ஒண்ணுலேர்ந்துதான் எல்லாத்தையும் வளர்ப்பாங்க."

நிரஞ்சனா அந்த வாட்ஸப் குழுவை நினைத்தாள். சென்னை, கொச்சி, பெங்களூர், மும்பை. ஆயிரக்கணக்கான வீடுகள், ஓட்டல் முகப்புகள், நகைக்கடைகள். ஒரு வருஷத்துக்கு மேலாக வாராவாரம் சொட்டுமருந்துக் குழாயால் அதற்குத் தீனி விட்டவள் அவள். நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தியிருக்கிறாள். 'அற்புதமாக வேலை செய்கிறது' என்று எழுதி நட்சத்திரம் போட்டிருக்கிறாள். அவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவினாள். திரும்பி வந்தபோது மிருதுளா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு துண்டு விடாம எல்லாத்தையும் திருப்பி வாங்கணும்மா. அப்பாவ மறுபடி எரிக்கணும். முழுசா."

"வாங்கலாம் கண்ணு."

"முழுசா" என்று அவள் இன்னொரு முறை சொன்னாள்.

வழக்குப் போட்டார்கள். நாடே ஆடிப்போயிற்று. கழிவு ஏற்றும் ஒப்பந்தக்காரன் ஒருவன் மாட்டினான். தொலைக்காட்சியில் அலமாரிகளைத் திறந்து திறந்து காட்டினார்கள். உயிர்வடி வைத்திருந்தவர்கள் பைத்தியம் பிடித்தாற்போல நடந்துகொண்டார்கள். ஒருவர் குப்பைத் தொட்டியில் எறிந்தார். இன்னொருவர் மாலை போட்டுக் கும்பிட்டார். கொச்சியில் ஓர் அம்மாள் நிரஞ்சனாவைக் கூப்பிட்டு, "என் வீட்டில் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்" என்று மலையாளத்தில் அழுதாள்.

அலையகத்தின் தலைமை விஞ்ஞானி ரகோத்தமன் என்பவர், அது கடற்பஞ்சுதான் என்று நீதிமன்றத்தில் கடைசிவரை சாதித்தார். பரிசோதனை அறிக்கைகள் வந்தபின் அந்தப் பேச்சு எடுபடவில்லை. உறுப்பு வியாபாரம் என்று தீர்ப்பாயிற்று. இறந்தவரின் குடும்பம் கேட்டுக்கொண்டபடி, ஆய்வகத்தில் உறையவைத்திருந்த செல்கள் உட்பட எல்லாவற்றையும் திரட்டி, மனித உடலுக்குரிய மரியாதையோடு எரித்துச் சாம்பலைக் குடும்பத்திடம் ஒப்படைக்க உத்தரவு. இனி அதில் ஒரு துணுக்கு வைத்திருப்பவருக்கும் சிறை.

தீர்ப்பு வந்த அன்று மிருதுளா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா போனபின் அவள் அழுதது அன்றுதான்.

சேகரிக்கும் வேன் ஒரு முற்பகலில் வீட்டுக்கு வந்தது. சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர், கூட உதவிக்கு ஜெரோம் என்ற இளைஞன். அவன் முன்பு அலையகத்தில் சர்வீஸ் வேலையில் இருந்தவன். எங்கெங்கே உயிர்வடி இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்று தெரிந்தவன் என்பதால் அவனையே அமர்த்தியிருந்தார்கள். அவன் உருளையைக் கழற்றும்போது நிரஞ்சனாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எங்களுக்கு நிஜமா தெரியாது மேடம். கடற்பஞ்சுன்னுதான் ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

"பரவால்லப்பா. பார்த்து எடு."

அவன் உருளையை வெளிச்சத்தில் பிடித்தான். கொப்புளங்கள் இப்போது எலுமிச்சை அளவு ஆகியிருந்தன. "பழைய பேட்ச் மேடம் இது. இதுல இந்தக் கம்ப்ளெயின்ட் இருந்துச்சு. நிறைய பேர் போன் பண்ணாங்க. கடைசியா வந்த பேட்ச்ல கொப்புளமே கிடையாது."

"ஏன் கிடையாது?" என்று கேட்டது மிருதுளா. மாடிப்படியில் நின்றிருந்தாள்.

"சரி பண்ணிட்டாங்க."

"எதை?"

"அந்தக் கம்ப்ளெயின்ட்டை. லேப்ல செல்லுலயே ஏதோ மாத்தினாங்களாம். அப்புறம் வரவே இல்ல. ஒண்ணுலகூட." சொல்லிவிட்டு அவன் உருளையைத் துணியில் சுற்றினான். பிறகு நிமிர்ந்து இருவர் முகத்தையும் பார்த்தான். "ஏன் மேடம்? நான் எதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

மிருதுளா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை விலாவின் கீழே, தன் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் இருந்தது. அங்கே கை வைத்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

நிரஞ்சனா ரகோத்தமனைப் போனில் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஜாமீனில் இருந்தார். குரல் நீதிமன்றத்தில் கேட்ட குரலாக இல்லை. வயோதிகக் குரலாக இருந்தது.

"ஆமாம், சரிபண்ணினோம்" என்றார். "அந்தப் பிழையை வெட்டி எடுத்துத் திருத்தினோம். ஒரு கொப்புளம் வரல. திருத்தின செல்லிலேர்ந்து முழு உயிர்வடியா வளர்ந்தது. உலகத்துல வேற யாரும் அதைச் செஞ்சதில்ல மேடம்."

"இதை ஏன் கோர்ட்ல சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நோயைத் திருத்தினோம்னு சொன்னா, மனுஷ செல்லுன்னு தெரிஞ்சேதான் வித்தோம்னு ஆயிடும். பேசவே கூடாதுன்னுட்டார் வக்கீல்."

"இதை மனுஷனுக்குக் கொடுத்திருக்கலாமே! எத்தனை பேர் செத்துட்டிருக்காங்க! மீன் தொட்டிக்கா..."

"மனுஷனுக்குன்னுதான் ஆரம்பிச்சேன். செல்லு எங்கேர்ந்து வந்ததுன்னு கேள்வி வரும். சோதனை, அனுமதின்னு பதினஞ்சு வருஷம் ஓடிடும். முதல் போட்டவங்க காத்திருக்கத் தயாரா இல்ல. மீன் தொட்டிச் சாமானுக்கு யாரும் எதுவும் கேக்கல. முதல்ல இதை விப்போம், இதுல நின்னுக்கிட்டு அதைச் செய்வோம்னு நினைச்சேன். தப்புத்தான். அதுக்கு உள்ள போறேன். ஆனா மேடம், லேப்ல இருந்ததையெல்லாம் முதல் நாளே எரிச்சுட்டாங்க. எப்படித் திருத்தினோம்னு என்னால சொல்ல முடியும். அந்த ஒரு செல் எப்படிப் பிழைச்சதுன்னு சொல்ல முடியாது. ஆயிரத்துல ஒண்ணுதான் பிழைச்சது. உயிரோட ஒண்ணு இருந்தாத்தான் திரும்ப ஆரம்பிக்கலாம். உங்ககிட்ட இருக்கா?"

"என்னோடது பழசு" என்றாள் நிரஞ்சனா. "அதையும் கொடுத்துட்டேன்."

எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லிக் கேட்டவள் அவள்தான். அவள் கேட்டபடியே கிடைத்திருந்தது. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஷம்சாத் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று வக்கீலைப் பார்த்தார். உத்தரவு நிறைவேறிக்கொண்டிருக்கும்போது நிறுத்துவது கஷ்டம் என்றும், எங்கே எது மிச்சமிருக்கிறது என்று முதலில் கேட்பார்கள், சொன்ன கையோடு அதையும் எடுத்துப் போய்விடுவார்கள் என்றும் வக்கீல் சொன்னார். நிரஞ்சனா குழுவில் ஒரு செய்தி போட்டாள். 'புது உயிர்வடியைக் கொடுக்க மறந்தவர்கள் யாராவது இருந்தால் என்னைத் தனியாகக் கூப்பிடுங்கள்' என்று மட்டும். வந்ததெல்லாம் வசவுதான். உன் வழக்கால் என் பவளமெல்லாம் செத்துப்போயிற்று என்றார்கள். போலீசுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறாயா என்றார்கள். குழுவே கலைந்துபோயிற்று.

அவள் நம்பிக்கையை விட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது.

"நாச்சிமுத்து பேசறனுங்க. குரூப்புல இருந்தனுங்க. பனியன் கம்பெனி வச்சிருக்கேன்." குரலில் அவசரம் இல்லை. "டிவியில உங்க பொண்ணைப் பார்த்தேன். அந்தப் பொண்ணுக்கும் அந்த நோவு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப அந்த டாக்டரம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அம்மணி. வேற யாரும் வேண்டாம்."

மிருதுளா வந்தே தீருவேன் என்றாள். மூவரும் போனார்கள்.

பெரிய வீடு. கூடத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டி. நிரஞ்சனா குழுவில் எத்தனையோ முறை படத்தில் பார்த்து ஏங்கிய தொட்டி அது. இப்போது அதில் பவளங்கள் எலும்புக்கூடு மாதிரி வெளுத்து நின்றன. ஒரு மீன் இல்லை. நாச்சிமுத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். முகத்தில் தெளிச்சி இருந்தது. வேட்டிக்கு மேலே சட்டையைத் தளர விட்டிருந்தார்.

"இந்தத் தொட்டியில இருந்ததை வேன்காரங்ககிட்டக் கொடுத்துட்டனுங்க. எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. புதுசு உள்ள இருக்குது."

உள் அறையில் கட்டிலை ஒட்டி ஒரு மேசை. அதன்மேல் அந்த உருளை. உள்ளே இருந்த சிவப்பு வழவழவென்று, ஒரு கொப்புளமும் இல்லாமல், எழுபதில் துடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் ஒரு சவ்வுப் பெட்டிக்குப் போயின. பெட்டியின் மறுபக்கத்திலிருந்து கிளம்பிய மெல்லிய குழாயை நிரஞ்சனா கண்ணால் தொடர்ந்தாள். அது கட்டிலின் விளிம்பில் ஒரு கொக்கியில் சுருட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. நாச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கினார். வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் முனை இருந்தது. கொக்கியிலிருந்ததை எடுத்து அதில் பொருத்தினார்.

ஷம்சாத் ஓரடி பின்வாங்கினார். "என்ன காரியம் பண்றீங்க! உங்களுக்குப் பைத்தியமா?"

"வயித்துல தண்ணி விட்டு எடுக்கற டயாலிசிஸ்தானுங்க நான். எடுக்கற தண்ணிய வெளிய கொட்டறதுக்குப் பதிலா இது சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்புது. நடுவுல சவ்வு இருக்கறதால ரெண்டும் கலக்காதுங்க."

"இது கடல் உப்புல வளர்ந்தது. உங்க உடம்பு உப்புல செத்திருக்கணுமே!"

"புதுப் பவளம் வாங்கியாந்தா நம்ம தொட்டித் தண்ணியச் சொட்டுச் சொட்டா விட்டுப் பழக்குவோமுங்க இல்ல? அப்படித்தானுங்க. அஞ்சாறு மாசம் பொறுமையா இறக்கினேன்." அவர் நிரஞ்சனாவைப் பார்த்தார். "கேஸு வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுமுங்க, அம்மணி, இது என்னன்னு. பம்பை எழுபதுல வைங்கன்னு சொன்னாங்களே, அது மனுஷ நாடிங்க. வருஷக்கணக்கா மெஷின் பக்கத்துல கெடந்தவனுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சும் வாயத் தொறக்கல. யாரோடதுன்னு மட்டும் தெரியாம இருந்துச்சு."

ஷம்சாத் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இது நல்லா இருக்கிற ஆளோட ரத்தம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நிரஞ்சனாவால் அந்த மனிதரின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தாமோதரனுக்குள் நின்றுபோன ஒன்று இங்கே யாரோ ஒருவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. இதைப் பிடுங்கி எரிக்கத்தான் அவள் ஊர் ஊராக வேன் அனுப்பியிருந்தாள். கோபமா, அருவருப்பா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசுங்க அப்ப?"

"நாப்பத்தாறு."

"என்னைவிடச் சின்னவரு." நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "இதை எடுத்துட்டுப் போகோணும்னா எடுத்துக்கோங்க. நான் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

மிருதுளாதான் மேசைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, இதுலேர்ந்து எவ்வளவு வேணும்?"

"ஒரு அரிசி அளவு போதும்."

"இவருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. ஆனா மிருதுளா, இது உனக்கு மருந்தாகுமான்னு எனக்குத் தெரியாது. பத்து வருஷம் ஆகலாம். ஆகாமலும் போகலாம். இதை வளர்க்கச் சம்மதிக்கிறவங்களை நான் தேடணும். மாட்டினா நாம எல்லாருமே ஜெயிலுக்குப் போவோம்."

மிருதுளா தலையாட்டினாள். ஷம்சாத் பையிலிருந்து கருவிகளை எடுத்தார்.

அவர் வெட்டியெடுக்கும் வரை நிரஞ்சனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பியபோது அவள் கண்ணில் பட்டது உருளையின் அடி மூலை. தண்ணீர் நுழையும் குழாய் நேராக எதிர்ச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மூலையில் ஓட்டம் போகவில்லை. வண்டல் சேர ஆரம்பித்திருந்தது. இன்னும் சில மாதத்தில் அந்தப் பக்கம் அழுகிவிடும்.

"இங்க தண்ணி தேங்குதுங்க" என்றாள். தன் குரல் அலுவலகத்தில் பேசுவதுபோல இருப்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. "வாய்க்குழாயைக் கொஞ்சம் சாய்க்கணும். சுத்தி வர்ற மாதிரி."

நாச்சிமுத்து பம்பை நிறுத்தினார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து குழாயைத் திருகிச் சாய்த்தாள். விரல் அந்தச் சிவப்பின் மீது லேசாகப் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. பம்ப் மறுபடி ஓடியபோது மூலையில் கிடந்த வண்டல் கிளம்பி, சுழன்று, வெளியேறியது.

சாம்பலை ஒப்படைக்கும் நாள் பேரூரில், நொய்யல் படித்துறையில் குறித்திருந்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். நெற்றியில் திருநீறு பூசி, செருப்பை மேலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார். ஒரு மனிதனின் சாம்பல் ஒரு சின்னக் கலயத்தில் அடங்கிவிடும். இது மூன்று பெரிய குடங்கள்.

"ஒரு கேள்வி கேக்கணும்மா, சடங்குக்காகத்தான். எல்லாம் வந்து சேர்ந்துடுச்சுன்னு குடும்பத்து வாயால சொல்லணும். வேற எங்கயாச்சும், யார்கிட்டயாச்சும் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நிரஞ்சனா வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க சார்" என்றாள் மிருதுளா. "எல்லாமே வந்துடுச்சு. அப்பா முழுசா வந்துட்டாரு."

அவள் அதிகாரியின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். இமைகூட அசையவில்லை. நிரஞ்சனா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொன்னதற்காக அல்ல. எவ்வளவு சுலபமாக, எவ்வளவு அழகாகச் சொன்னாள். இந்தப் பெண்ணை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

"நல்லதும்மா" என்று அதிகாரி கைகூப்பினார்.

குடங்களைக் கவிழ்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தது, ஓட்டம் இல்லை. சாம்பல் படியோரத்திலேயே சாம்பல்நிற ஆடையாகப் படர்ந்து நின்றது. மிருதுளா சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். இரண்டு கையாலும் தள்ளினாள். விலகியது, திரும்பி வந்து அவள் காலையே சுற்றியது.

"போக மாட்டேங்குதும்மா" என்றாள்.

நிரஞ்சனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.